ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் நியமிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எல்எல்சியோ (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி) கார்ப்பரேஷனோ (பங்குகள் கொண்ட கம்பெனி) தொடங்க விண்ணப்பம் நிரப்பும்போது நடுவில் ஒரு கட்டம் வரும்: ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் யார், அவருடைய முகவரி என்ன? கம்பெனிக்குப் பெயர் வைக்க நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட இந்த இடத்தில் கைக்குக் கிடைத்த முகவரியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பிசினஸ் நன்றாக ஓடும்வரை யாருக்கும் அது ஞாபகம்கூட வராது. யாராவது வழக்குப் போட்டால்தான் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினோம் என்ற கேள்வியே எழும்.

ஏஜென்ட்டின் வேலை கேட்பதற்குச் சின்னதுதான். கம்பெனிமீது வழக்கு வந்தால் சம்மனையும் புகார் மனுவையும் கம்பெனி சார்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாநில அரசு அனுப்பும் ஆண்டறிக்கை நினைவூட்டல், வரி நோட்டீஸ் போன்றவற்றையும் வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது: ஏஜென்ட் கையில் சம்மன் சேர்ந்த நாள்தான் கம்பெனிக்குச் சம்மன் சேர்ந்த நாள். நீங்கள் அதை எப்போது பிரித்துப் படித்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அன்றிலிருந்து கெடு ஓட ஆரம்பித்துவிடும். ஃபெடரல் நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்ய 21 நாள். கலிபோர்னியா மாநில நீதிமன்றங்களில் 30 நாள். டெக்சாஸில் 20 நாள் முடிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. அதற்குள் பதில் போகவில்லை என்றால் எதிர்த்தரப்பு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கேட்கலாம். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கடைசியில் பேங்க் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் வழக்கு நடந்ததே சிலருக்குத் தெரியவரும். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம், வழி இருக்கிறது. ஆனால் ஃபெடரல் நீதிமன்றத்தில் கவனக்குறைவு, தவறு போன்ற காரணங்களைச் சொல்வதாக இருந்தால் தீர்ப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ‘ஏஜென்ட் எனக்குச் சொல்லவில்லை’ என்ற வாதத்தை நீதிபதிகள் அத்தனை சுலபமாக ஏற்பதில்லை. ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே என்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பது தானாகத் தெரியும்.

முகவரி என்ற பெயரில் ஒரு பெட்டி

ஏஜென்ட்டின் முகவரி, கம்பெனி பதிவாகியிருக்கும் அதே மாநிலத்தில் உள்ள நிஜமான கட்டட முகவரியாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. மாத வாடகைக்குக் கிடைக்கும் தனியார் மெயில்பாக்ஸும் பொதுவாகச் செல்லாது. தெரு எண்ணோடு முகவரி கொடுப்பார்கள் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். சட்டம் எதிர்பார்ப்பது, வேலை நேரத்தில் ஒருவர் அங்கே நேரில் போனால் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதை. விர்ச்சுவல் ஆபீஸ் எடுத்திருந்தால் முகவரியை மட்டும் பார்க்காதீர்கள். சட்ட ஆவணங்களை வாங்கிக்கொள்ள அங்கே இருப்பவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆள் இல்லாவிட்டால் சம்மனும் கொடுக்க முடியாது, வழக்கும் நகராது என்று சிலர் ஒரு கணக்குப் போடுவார்கள். அது நடக்காது. டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில், ஏஜென்ட்டைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், கம்பெனிகளைப் பதிவு செய்யும் மாநிலச் செயலர் அலுவலகத்திலேயே சம்மனைக் கொடுத்துவிட எதிர்த்தரப்புக்கு வழி இருக்கிறது. அந்த அலுவலகம் பதிவில் இருக்கும் முகவரிக்கு ஒரு பிரதியை அனுப்பும். அந்த முகவரியும் பழையது என்றால் கடிதம் போன வேகத்தில் திரும்பி வரும். வழக்கு மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

நியூயார்க் இதில் ஒரு தனி ரகம். அங்கே மாநிலச் செயலரே எல்லா எல்எல்சிக்கும் கார்ப்பரேஷனுக்கும் சட்டப்படி ஏஜென்ட்; தனியாக ஒருவரை வைப்பது உங்கள் விருப்பம். ‘அப்பாடா, ஒரு வேலை மிச்சம்’ என்று தோன்றும். ஆனால் செயலர் அலுவலகம் வாங்கிக்கொண்டாலே சம்மன் சேர்ந்ததாகிவிடும். அவர்கள் உங்களுக்கு அனுப்புவது, கம்பெனி தொடங்கியபோது நீங்கள் கொடுத்த முகவரிக்கு. இடையில் இரண்டு முறை ஆபீஸ் மாறியிருந்தால் அதைத் திருத்திக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நானே ஏஜென்ட், அல்லது மச்சான்

அந்த மாநிலத்தில் வசிக்கும் 18 வயது நிறைந்தவர் என்றால் தானே ஏஜென்ட்டாக இருக்கலாம். செலவு இல்லை, சட்டப்படியும் குறை இல்லை. தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது சரிப்பட்டு வரும். வெளியே அலைபவருக்கும், வருடத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விடுபவருக்கும் வராது. வீட்டு முகவரியைக் கொடுத்தால் அது பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். கம்பெனி பெயரைத் தேடுகிற யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சம்மன் கொண்டுவருபவர் வீட்டு வாசலிலோ, வாடிக்கையாளர்கள் நிற்கும் கவுன்டரிலோ வந்து நீட்டுவார். வாங்க மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டாலும் தப்பிக்க முடியாது. மறுத்தவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாலே போதும் என்று பல நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.

கம்பெனியே தனக்கு ஏஜென்ட்டாக இருக்கலாமா என்றால், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் முடியாது. டெலவேரில் சொந்த அலுவலகம் இருந்தால் முடியும். ஆனால் டெலவேரில் கம்பெனி தொடங்குபவர்களில் பலருக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அடுத்து மச்சான் விவகாரம். ‘அவர் டெக்சாஸில்தானே இருக்கார், அவர் பெயரைப் போட்டுவிடலாம்’ என்று, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே படிவத்தை நிரப்புவது. டெக்சாஸில் ஏஜென்ட்டாக இருக்க அவருடைய சம்மதம் எழுத்திலோ மின்னணு முறையிலோ இருக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் பொறுப்பை ஏற்கிறேன் என்று ஏஜென்ட் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். வருகிற காகிதம் எதற்கு என்றே தெரியாத ஒருவர், ‘சரி, அடுத்த முறை பார்க்கும்போது கொடுத்துக்கலாம்’ என்று அதை டிவி மேலே வைத்துவிடுவார். அவர்மீது கோபப்படவும் முடியாது. உறவுக்காரருக்கு இந்த உபகாரத்தைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஏஜென்ட் இருக்கிறார், நீங்கள் இல்லை

பணம் கொடுத்து நல்ல நிறுவனத்தை ஏஜென்ட்டாக வைத்தவர்களும் விழுகிற பள்ளம் இது. என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும்விட மோசமானது. ஏனென்றால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஏஜென்ட் காகிதத்தை ஒழுங்காக வாங்கியிருப்பார், அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்பியும் இருப்பார். அது போய்ச் சேர்ந்த மின்னஞ்சல்தான் செத்துப் போயிருக்கும். கம்பெனியை விட்டு விலகிய பார்ட்னருடைய முகவரியாக இருக்கலாம். ஆரம்பத்தில் வாங்கி, பின்பு புதுப்பிக்காமல் விட்ட டொமைனாக இருக்கலாம். கம்பெனியைப் பதிவு செய்து கொடுத்த இடைத்தரகரே தன் மின்னஞ்சலைக் கொடுத்து வைத்திருக்கலாம். ஸ்பாம் போல்டரில் போய் விழுவதும் உண்டு.

டெலவேர் சட்டம் இதற்காகவே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஏஜென்ட் தொடர்பு கொள்ள ஒரு மனிதரின் பெயர், அலுவலக முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கம்பெனி கொடுத்து, மாறும்போதெல்லாம் திருத்தவும் வேண்டும். மற்ற மாநிலங்களில் உங்கள் கம்பெனி இருந்தாலும் இதையே பின்பற்றலாம். ஒரே ஒருவரை நம்பாமல் இரண்டு மின்னஞ்சல், ஒரு கைபேசி எண் கொடுத்து வையுங்கள்.

கட்டணப் பிரச்சினையும் இதோடு ஒட்டியதுதான். ‘முதல் வருடம் இலவசம்’ என்று சேர்ந்திருப்போம். இரண்டாம் வருடம் பணம் எடுக்க வேண்டிய கார்டு காலாவதியாகியிருக்கும். நினைவூட்டல்கள் அதே செத்த மின்னஞ்சலுக்குப் போகும். சில மாதம் பார்த்துவிட்டு ஏஜென்ட் ராஜினாமா செய்துவிடுவார். அந்த உரிமை அவருக்கு உண்டு. டெலவேரில் ராஜினாமா பதிவான நாளிலிருந்து 30 நாளுக்குள் புது ஏஜென்ட்டை நியமிக்காவிட்டால் எல்எல்சியின் பதிவே ரத்தாகிவிடும். திரும்ப உயிர்ப்பிக்கலாம், ஆனால் பாக்கி வரி, அபராதம், கட்டணம் எல்லாம் கட்டிய பிறகுதான்.

ஏஜென்ட்டை மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய நிறுவனத்தில் சந்தாவை ரத்து செய்தால் அரசுப் பதிவில் பெயர் தானாக மாறிவிடாது. முதலில் புதியவரோடு ஒப்பந்தம், அடுத்து மாநிலத்தில் மாற்றப் படிவம், பதிவில் புதுப் பெயர் ஏறியதை உறுதிசெய்த பிறகு பழைய சந்தா ரத்து. கம்பெனியை மூடுகிறீர்கள் என்றாலும் அவசரப்பட்டு எல்லாத் தொடர்பையும் துண்டித்துவிடாதீர்கள். டெலவேர் கார்ப்பரேஷன் கலைக்கப்பட்ட பிறகும் வழக்குகளுக்காக 3 ஆண்டுகள் தொடர்ந்து இருப்பதாகவே சட்டம் கருதுகிறது.

டெலவேரில் ஏஜென்ட், கலிபோர்னியாவில் கடை

டெலவேரில் தொடங்கிய எல்எல்சி கலிபோர்னியாவில் அலுவலகம் போட்டு ஆள் வைத்தால், கலிபோர்னியாவிலும் வெளிமாநில நிறுவனமாகப் பதிவு செய்து அங்கேயும் ஓர் ஏஜென்ட்டை நியமிக்க வேண்டும். கூடவே அந்த மாநிலத்தின் ஆண்டு வரி, குறைந்தது 800 டாலர். எத்தனை மாநிலங்களில் பதிவோ அத்தனை ஏஜென்ட். படிவம் தேடும்போது குழம்ப வேண்டாம்: அரிசோனாவிலும் ஒஹாயோவிலும் ஸ்டாட்யூட்டரி ஏஜென்ட் என்பார்கள், மேரிலாந்தில் ரெசிடென்ட் ஏஜென்ட்.

எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார்

பார்த்துக்கொள்ள மாட்டார். வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஏஜென்ட் முகவரியைக் கொடுத்துவிட்டு, கடிதமே வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பல ஏஜென்ட்டுகள் நீதிமன்ற ஆவணங்களையும் மாநில அரசுக் கடிதங்களையும் மட்டுமே அனுப்புவார்கள். மற்ற தபாலைத் திருப்பிவிடுவார்கள் அல்லது தனிக் கட்டணம் கேட்பார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு தனி ஆளாக அமெரிக்க எல்எல்சி வைத்திருப்பவர் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் 5472-ஐத் தவறவிட்டால் அபராதம் 25,000 டாலர். அதை நினைவூட்டுவது ஏஜென்ட்டின் வேலையில் சேராது.

அவர் அனுப்புவதை அப்படியே நம்பிப் பதறவும் கூடாது. டெலவேர் கார்ப்பரேஷன்கள் மார்ச் 1-க்குள் ஃப்ரான்சைஸ் வரி கட்ட வேண்டும்; அங்கே பதிவாகி இருப்பதற்காக ஆண்டுதோறும் கட்டும் வரி அது. அந்த நோட்டீஸ் ஏஜென்ட் வழியாகத்தான் வரும். ஒரு கோடி பங்குகளுக்கு அங்கீகாரம் வாங்கி வைத்திருக்கும் சின்ன ஸ்டார்ட்அப்புக்கு அதில் 85,165 டாலர் என்று இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது அங்கீகரித்த பங்குகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. சொத்து மதிப்பை வைத்துப் போடும் இன்னொரு முறையும் உண்டு; அதில் குறைந்தபட்ச வரி 400 டாலர்தான், ஆண்டறிக்கைக் கட்டணம் தனி. எல்எல்சிக்கு இந்தக் கணக்கே கிடையாது: ஜூன் 1-க்குள் 300 டாலர், தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5% வட்டி.

இணையதளம் நடத்துபவர்களுக்கு ஒரு விஷயம். பதிப்புரிமைப் புகார்களை வாங்க, டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நியமிக்கும் ஏஜென்ட் வேறு, இவர் வேறு. அவரைப் பதிப்புரிமை அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். கட்டணம் 6 டாலர், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

காகிதம் வந்துவிட்டால்

ஏஜென்ட்டிடமிருந்து மின்னஞ்சல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அவர் கையில் காகிதம் சேர்ந்த தேதி. மின்னஞ்சல் வந்த தேதியிலிருந்து நாள் எண்ணுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் பிழை. அன்றைக்கே வக்கீலுக்கு அனுப்புங்கள். லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். தாமதமாகச் சொன்னதைக் காரணம் காட்டி அவர்கள் கையை விரிக்க இடம் கொடுக்க வேண்டாம்.

வருவதெல்லாம் உங்கள்மீது போட்ட வழக்காகவும் இருக்காது. ஊழியர் ஒருவர் வைத்த கடனுக்காக அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவும் இதே வழியில்தான் வரும். ‘அவர் கடன், நமக்கு என்ன’ என்று ஓரமாக வைத்தால், பல மாநிலங்களில் அந்தக் கடனுக்கு முதலாளியே பொறுப்பாக நேரிடும்.

வேறொரு வகைக் கடிதமும் வரும். பதிவேட்டில் முகவரியைப் பார்த்து, அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றை அச்சடித்து, ‘ஆண்டுக் கூட்டக் குறிப்பு தாக்கல்’, ‘சான்றிதழ் கட்டணம்’ என்று பணம் கேட்கும் தனியார் கடிதங்கள். பணம் அனுப்பும் முன் மாநிலச் செயலர் இணையதளத்தில் உங்கள் கம்பெனி பெயரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் தேட காசு கேட்பதில்லை. பார்க்கிறபோதே ஏஜென்ட் என்ற இடத்தில் யார் பெயர், எந்த முகவரி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.