டைவ் வாட்ச் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

தடித்த பாடி, டயலைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையம், இருட்டில் ஒளிரும் முட்கள். டைவ் வாட்ச்சின் இந்த உருவம் 1953-ல் ரோலக்ஸ் சப்மரீனரும் பிளாங்பான் கம்பெனியின் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் உருவானபோது பிறந்தது. இன்று அதே உருவத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் வாட்ச் கிடைக்கிறது, பல லட்சத்துக்கும் கிடைக்கிறது. உருவத்தை யார் வேண்டுமானாலும் காப்பியடித்துவிடலாம். தண்ணீர் உள்ளே புகாமல் வருடக்கணக்கில் காப்பதில்தான் செலவே இருக்கிறது. கொடுத்த காசு வீணாகக் கூடாது என்றால் போட்டோவில் தெரியாத விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். சீக்கோ, சிட்டிசன், ஓரியன்ட் ஆகிய மூன்று ஜப்பானிய பிராண்டுகளை வைத்தே சொல்கிறேன். நியாயமான விலையில் நல்ல டைவ் வாட்ச் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து சேருவது இங்கேதான்.

டயலில் 200 மீட்டர் என்று இருந்தாலே டைவ் வாட்ச் என்று முடிவுகட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ‘வாட்டர் ரெசிஸ்ட் 200 மீ’ வேறு, ‘டைவர்ஸ் 200 மீ’ வேறு. இரண்டாவதற்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தரம் இருக்கிறது. அதன்படி குறைந்தது 100 மீட்டராவது தாங்க வேண்டும். எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். கும்மிருட்டில் 25 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தாலும் மணி தெரிய வேண்டும், வாட்ச் ஓடிக்கொண்டிருப்பதும் தெரிய வேண்டும். நொடி முள்ளில் ஒளிரும் பொட்டு இருப்பது அதற்காகத்தான். மாதிரிக்கு ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றவற்றை அனுப்ப முடியாது. ஒவ்வொரு வாட்ச்சும் அழுத்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். ஓரியன்ட் மாக்கோவும் கமாசுவும் 200 மீட்டர் தாங்குபவை, கிரவுனைத் (மணி திருத்தும் பக்கவாட்டுக் குமிழை) திருகி மூடலாம், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் ‘டைவர்ஸ்’ முத்திரை அவற்றில் கிடையாது. நீச்சலுக்கும் கடல் குளியலுக்கும் அவை தாராளமாகப் போதும். சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர் முத்திரை உள்ளதையே வாங்கட்டும்.

சாயலை நம்பி ஏமாறுவது இன்னொன்று. சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007, 1996-ல் வந்து இருபது வருடங்களுக்கு மேல் விற்ற அசல் டைவ் வாட்ச். அதன் தயாரிப்பு நின்றதும் 2019-ல் ஏறக்குறைய அதே முகத்தோடு சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசை வந்தது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் புதியது தாங்குவது 100 மீட்டர்தான், கிரவுனும் சும்மா அழுத்தி மூடுகிற வகை. மெஷின் என்னவோ முன்னேறியிருக்கிறது: கையாலும் சாவி கொடுக்கலாம், மணி திருத்தும்போது நொடி முள் நிற்கும். தினமும் கட்டிக்கொள்ள அருமையான வாட்ச். டைவ் வாட்ச் என்று சொல்லி விற்றால் மட்டும் நம்பாதீர்கள். நின்றுபோன எஸ்கேஎக்ஸுக்கு ஆசைப்பட்டு ஏறிய விலையைக் கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் சீக்கோவின் ப்ராஸ்பெக்ஸ் வரிசையில் ‘டர்ட்டில்’ புதிதாகவே கிடைக்கும். முன்னேறிய மெஷின், திருகு கிரவுன், டைவர்ஸ் 200 மீ என எல்லாமே அதில் உண்டு.

டர்ட்டிலின் குறுக்களவு 45 மி.மீ. என்றதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கையில் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது குறுக்களவு மட்டும் இல்லை. ஸ்ட்ராப் மாட்டும் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை எவ்வளவு என்று பாருங்கள். டர்ட்டிலில் அது சுமார் 48 மி.மீ.தான். மணிக்கட்டின் தட்டையான மேல்பகுதியை ஸ்கேலால் அளந்து, அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

வளையத்தைக் கடையிலேயே திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இறங்கும் நேரத்தில் அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் போயிற்று என்று முள்ளே காட்டிவிடும். வளையம் இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். எங்காவது இடித்து நகர்ந்தாலும் போன நேரம் கூடுதலாகத்தான் தெரியும், மூழ்கியிருப்பவர் முன்கூட்டியே மேலே வந்துவிடுவார். ஒவ்வொரு ‘க்ளிக்’கும் அழுத்தமாக விழ வேண்டும், முன்னும் பின்னும் ஆடக் கூடாது, முக்கோணம் 12-க்கு நேரே நிற்க வேண்டும். சீக்கோவில் இந்த நேர்கோடு சற்றே தப்பி வருவது வாட்ச் பிரியர்களிடையே பழைய புகார். நாலைந்து பீஸ்களை எடுத்துப்போடச் சொல்லிப் பொறுக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரவுனையும் ஒருமுறை திருகித் திறந்து மூடுங்கள். புரி ஏறும்போது மணல் மாதிரி நெருடினால் அந்த பீஸ் வேண்டாம்.

கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்தான் உயர்த்தி என்ற நினைப்பில்தான் பலரும் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். டர்ட்டிலில் உள்ள 4ஆர்36 மெஷினுக்கு சீக்கோவே சொல்லும் கணக்கு, நாளொன்றுக்கு 45 நொடி வேகம் முதல் 35 நொடி தாமதம் வரை. கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குள் நின்றுவிடும். சிட்டிசன் ப்ரோமாஸ்டர் பிஎன்0150 வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் எக்கோ டிரைவ். முழு சார்ஜில் இருட்டில் வைத்தாலும் சுமார் ஆறு மாதம் ஓடும், டைவர்ஸ் 200 மீ முத்திரையும் உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செல் மாற்ற மூடியைக் கழற்ற வேண்டிய தொல்லை இல்லை. டைவ் வாட்ச்சுக்கு இது பெரிய விஷயம், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் தடுக்கும் வாஷர் கெட ஒரு வாய்ப்பு. ஒரே ஒரு வாட்ச்தான், பல வருடம் உழைக்க வேண்டும் என்று கேட்கிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். நொடி முள் வழுக்கிச் செல்வதை ரசிக்கிறவர் ஆட்டோமேட்டிக்கே வாங்கட்டும். அந்த ஆசைக்கும் மதிப்பு உண்டு, சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சரி.

சீக்கோவில் மாடல் எண்ணின் கடைசியில் கே-க்குப் பதில் ஜே இருந்தால் சிலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஒரே மாடல் என்றால் மெஷினும் பாடியும் ஒன்றுதான், டயலில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்துக்குத்தான் அந்தக் காசு. உள்ளே புகுந்த ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வால்வும் நமக்கு வேண்டாம். அழுத்த அறைக்குள் நாள்கணக்கில் தங்கி வேலை செய்யும் ஆழ்கடல் தொழிலாளர்களுக்கானது அது. சஃபையர் கண்ணாடி கிடைத்தால் நல்லது, எளிதில் கீறல் விழாது.

பழைய வாட்ச்சில் எச்சரிக்கை அதிகம் தேவை. மும்பைப் பக்கமிருந்து பளபளவென்று ஆன்லைனில் வரும் பழைய சீக்கோக்களில் ஏராளமானவை டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்துகள் கொஞ்சம் தடித்திருக்கும், ஓரத்தில் மை பரவியிருக்கும். முட்களில் ஒளிர்வது ஒரு நிறமும் டயலில் வேறொரு நிறமும் இருந்தால் பாகங்கள் மாறியிருக்கின்றன. அப்படிப்பட்டதைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கவே கூடாது. சிங்கப்பூர் முஸ்தபாவிலோ துபாயிலோ புதிதாக வாங்கி வருகிறவர்கள் வாரன்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு கெடுத்துக்கொள்வதும் உண்டு. கடலில் குளித்ததும் கிரவுன் இறுகியிருக்கிறதா என்று பார்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரும் சோப்பும் வாஷருக்கு ஆகாது. தண்ணீருக்குள் கிரவுனைத் தொடவே வேண்டாம். மூடியைக் கழற்றிய கடையில் அழுத்தச் சோதனை எந்திரம் இல்லையென்றால், சர்வீஸ் சென்டரில் சோதிக்கும்வரை அதைக் கை கழுவும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் லேசாக ஆவி படிந்து தெரிந்தால் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஒரு வாரத்திலேயே மெஷின் துருப்பிடித்துவிடலாம்.