உறுதியும் கையுமாகக் கொழும்பு போவோருக்கு

ஊருக்கு மட்டும் போய்வர நினைப்பவர்களுக்கு இப்போது கொழும்பே தேவையில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறது. 2019 இல் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மறுபடி பறக்கத் தொடங்கியது. சிறிய விமானம், பெட்டி விஷயத்தில் கொஞ்சம் கையைச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காணி, அதன் உறுதி (உரிமைப் பத்திரம்), பிறப்புப் பத்திரம் என்று ஏதாவது உங்கள் பயணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் கொழும்பு உங்களை விடாது. இது அப்படி மாட்டப்போகிறவர்களுக்கு.

ஈ.டி.ஏ. என்கிற இணையவழிப் பயண அனுமதியை இலங்கை அரசின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். அதே முகச்சாயலில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வெளியே வருமுன்பே குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கும் கடைகள் வழிமறிக்கும். உறவுக்காரர் ஒருவர் விலை விசாரித்து முன்கூட்டியே செய்தி அனுப்பியிருப்பார். திரும்பிப் பார்க்காமல் நடங்கள். அங்கிருந்து நகரம் 30 கிலோமீற்றர் சொச்சம். 2013 இல் திறந்த அதிவேகப் பாதையில் பேலியகொடை வரை வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். கொழும்பு தன் குணத்தைக் காட்டுவது அதற்கு அப்புறம். 187 பஸ் கோட்டைக்கு வரும், மலிவு. ஆனால் பெட்டிகளோடு விடியப்புறம் அதில் ஏறி வீரம் காட்ட வேண்டாம்.

தங்குவது வெள்ளவத்தைதான், எங்கள் ஆட்களுக்கு வேறு இடம் ஏது? காலி வீதியில் 100, 101 பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் கோட்டைப் பக்கம் போவதென்றால் கடலோர ரயில் நல்லது. கூட்டம் கதவில் தொங்கும், ஆனால் சிக்னலில் நிற்க வேண்டியதில்லை. ஆட்டோவுக்குப் பிக்மீ, ஊபர் செயலிகள் இருப்பதால் பேரம் பேசும் பழைய சண்டை குறைந்துவிட்டது. வங்கி இயந்திரம் தரும் 5000 ரூபாய்த் தாளை முதலில் ஒரு பெரிய கடையில் மாற்றிவிடுங்கள். யாழ்ப்பாண பஸ்கள் இரவில் வெள்ளவத்தையிலேயே ஏற்றும்.

என் வயதுக்காரருக்கு வெள்ளவத்தை என்றால் லொட்ஜ். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்காகக் காத்திருந்த அறை, பொலிஸ் பதிவுத் துண்டு, இரவில் கதவு தட்டினால் வயிற்றில் இறங்கும் குளிர். 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும் இதே நகரம்தான். இப்போது அந்த ஒழுங்கைகளில் அடுக்குமாடிகள். அதில் ஒன்றில்தான் பெரியம்மா இருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

“தம்பி, நீ வந்து நிக்கிற நேரத்திலயே முடிச்சிட்டா நல்லம்” என்றார் பெரியம்மா. ஊர்க் காணியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறதாம். அதை மச்சாள் பெயருக்கு மாற்ற நான் ஓர் அற்றோணித் தத்துவம், அதாவது எனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு கையெழுத்துத்தானே என்றார். நீங்கள் இந்தச் சொல்லைக் கேட்ட உடனே பயணச்சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

உறுதி எழுதும் நொத்தாரிசு என் பிறப்புப் பத்திரத்தையும் கனடாக் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்திரத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது, அப்பாவின் பெயர் வேறு கட்டத்தில். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகி முன்னால் வந்து குந்தியிருக்கிறது. ரொறொன்ரோவில் வேலையிடத்தில் என்னை எல்லோரும் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பழகிவிட்டது. கொழும்பில் அது செல்லவில்லை. ஒரு கந்தோருக்கு, அரச அலுவலகத்துக்கு, அனுப்பினார்கள். எந்தக் கந்தோர் என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அங்கே படிவம் சிங்களத்தில். தமிழ் தெரிந்த மிஸ் லீவு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. அதை யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிப் பார்த்தேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் அன்பாகவே சிரித்தார். வெளியே போட்டோக் கொப்பிக் கடைப் பையன்தான் படிவத்தை நிரப்பித் தந்தான். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, எல்லாம் பூட்டு. அதற்கடுத்த நாள் மிஸ் வந்திருந்தார். இரண்டு பத்திரங்களையும் பார்த்துவிட்டு, “பிறப்புப் பத்திரத்தில இருக்கிற ஆள் நேர்ல வரணும் சேர்” என்றார். நான்தான் அது என்றேன். அதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான், இத்தனை வருடம் கழித்துப் போனால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தமிழ்ப் பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி. சட்டத்தரணிகளையும் நொத்தாரிசுகளையும் தேட வேண்டுமென்றால் புதுக்கடை நீதிமன்றச் சுற்றாடலுக்குப் போங்கள். கிராம சேவகரோ ஊரில். ஊரில் நிற்பதற்கென்று வைத்திருந்த நாட்களெல்லாம் கந்தோர் வாங்கில் தேய்ந்தன. பெரியம்மா தினமும் இடியப்பமும் சொதியும் கட்டித் தந்து அனுப்பினார், பள்ளிக்கூடம் அனுப்புவது போல.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று மனைவி கேட்டார். நான் வெளியேறிய வருடம் செட்டியார் தெருவில் விற்ற காப்புகள் யாருடையவை என்று மனைவிக்கும் தெரியும்.

ஆகவே இதையெல்லாம் புறப்படுமுன்பே செய்யுங்கள். அற்றோணித் தத்துவத்தை நீங்கள் இருக்கும் நாட்டு இலங்கைத் தூதரகத்திலேயே ஒப்பமிட்டு அத்தாட்சிப்படுத்தலாம். ரொறொன்ரோவில் துணைத்தூதரகமே இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தின் புதுப் பிரதியை, பிறப்புப் பதிவான இடத்துப் பிரதேச செயலகத்தில் ஊரில் இருக்கும் ஒருவரைக் கொண்டு எடுப்பியுங்கள். கொழும்புக் கந்தோர்களில் வேலை இருந்தால் போயா நாட்களைப் பார்த்து வாருங்கள். ஏப்ரல் புத்தாண்டுக் கிழமையை மறந்துவிடுங்கள். குடிவரவு, ஆட்பதிவுத் திணைக்களங்கள் நகரத்துக்குள் இல்லை, பத்தரமுல்லையில். வெள்ளவத்தையிலிருந்து விடிய வெளிக்கிட வேண்டும். கட்டைக் காற்சட்டையோடு போகாதீர்கள்.

என் அலுவல் முடியவில்லை. விமானத்துக்குப் புறப்படும்போது பெரியம்மா மிளகாய்த்தூள் பொதியோடு, அடுத்தமுறை வரும்போது கட்டாயம் என்றார். அதுவரை பிறப்புப் பத்திரத்தைத் தன்னிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நீங்களும் இதைக் கேட்பீர்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுங்கள். பெரியம்மாவுக்கு நான் இரண்டு கொப்பி கொடுத்தேன்.