அடங்காத சராசரி: வரிசைக் கணக்கில் என் அனுபவம்

ஒரு ரவுட்டரில் பாக்கெட்டுகள் (இணையத் தரவுத் துண்டுகள்) சராசரியாக எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருக்கும்? பீளமேட்டு அறையில் மூன்று ராத்திரி இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினேன். ரவுட்டருக்குப் பாக்கெட்டுகள் வரும் இடைவெளி பரேட்டோ பரவல் (அபூர்வமாக மிகப் பெரிய மதிப்புகளும் வரும் பரவல்), அதன் வால் எவ்வளவு கனம் என்று சொல்லும் ஆல்ஃபா 1.4; ஒரு பாக்கெட்டை அனுப்ப ஆகும் சேவை நேரம் எக்ஸ்பொனென்ஷியல் பரவல். சிமுலேஷனை ஓட்டும்போதெல்லாம் சராசரிக் காத்திருப்பு வேறு வேறாக வந்தது. பத்து லட்சம் பாக்கெட் ஓட்டியும் அடங்கவில்லை.

நிரலில் பிழை இல்லை. ஆல்ஃபா 2-க்குக் கீழே என்றால் இடைவெளியின் பரவற்படி (சராசரியிலிருந்து மதிப்புகள் சிதறும் அளவு, variance) முடிவிலி. விசைத்தறி ஊரான சோமனூரில் கரண்ட் போய்த் திரும்பியதும் தறிகள் மொத்தமாக இரையுமே, அப்படித்தான்: நீண்ட மௌனம், அப்புறம் திமுதிமுவென்று கூட்டம். ஈதர்நெட் வலையின் தரவுப் போக்குவரத்து, வருகைகள் ஒன்றையொன்று சாராமல் நடக்கும் என்று கொள்ளும் பாய்சான் மாதிரிக்கு அடங்காது என்று ஆய்வாளர் லேலண்டும் கூட்டாளிகளும் 1994-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

சரி, சிமுலேஷனை விட்டேன். இந்த வரிசைக்கு சிக்மா என்ற ஒரே எண் போதும்: வரும் பாக்கெட் காத்திருக்க நேரும் நிகழ்தகவு அது, சராசரிக் காத்திருப்பை அதிலிருந்தே கணக்கிடலாம். வருகை இடைவெளியின் லாப்லாஸ் உருமாற்றத்தில் (பரவலை ஒரு சார்பாக மாற்றும் கணித முறை), சேவை வீதத்தை (1 − சிக்மா)வால் பெருக்கிப் போட்டால் அதே சிக்மா திரும்ப வர வேண்டும். பரேட்டோவுக்கு அந்த உருமாற்றம் எளிய சூத்திரமாகக் கிடைக்காது. 500 புள்ளிகளால் தோராயப்படுத்தினேன். முதலில் நிகழ்தகவைச் சமமாகப் பிரித்தேன், வால் (அபூர்வமான மிக நீண்ட இடைவெளிகள்) நழுவிவிட்டது. புள்ளிகளின் சராசரியே அசல் சராசரியைவிடக் குறைவாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மிச்ச நிகழ்தகவு ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் சுருங்கும்படி மாற்றி வைத்து, சிக்மாவை 0.5 என்று தொடங்கி, கிடைத்த விடையையே திரும்பத் திரும்பப் போட்டுச் சுற்றவிட்டேன். சிக்மா நாலு தசமத்துக்கு அசையாமல் நின்றது.