எடிட்டரின் பதிப்பு எண்ணை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் போய்ச் சேரும் வேலை பெரும்பாலும் இதுதான்: டெர்மினல் எடிட்டரின் புதிய வெளியீடு வந்துவிட்டது, நிறுவும் ஸ்கிரிப்டிலும் ஆவணங்களிலும் பழைய எண்ணை மாற்று. எண்ணைத் தப்பாக அடிப்பது, ஒரு கோப்பை மறப்பது எல்லாம் சோதனையிலேயே தெரிந்துவிடும், விடுங்கள். நான் செய்த தவறுகளையே அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

மொத்தமாகத் தேடி மாற்றுவது

2024 மே மாதம் நியோவிம் என்ற டெர்மினல் எடிட்டரின் 0.10 பதிப்பு வந்தபோது, ரெப்போ (எங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம்) முழுக்க 0.9 என்று தேடி 0.10 என்று ஒரே கட்டளையில் மாற்றினேன். அந்தக் கட்டளை பயன்படுத்தும் தேடல் முறையான ரீஜெக்ஸில் புள்ளி என்றால் எந்த எழுத்தும் பொருந்தும். ஒரு பிளகினின் செக்சம்மில் (கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எழுத்துச் சரம்) 0, ஏ, 9 என்று அடுத்தடுத்து இருந்திருக்கிறது, அதுவும் மாறி, 64 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நடுவே புள்ளியோடு 65 எழுத்து நின்றது. நிறுவும்போது செக்சம் பொருந்தவில்லை என்று பிழை வந்தது, நானோ பதிவிறக்கம்தான் கெட்டுப்போகிறது என்று நினைத்து இரவு முழுக்க நெட்வொர்க்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அதையாவது மறுநாள் கண்டுபிடித்தேன். இன்னொன்று பல வாரம் யார் கண்ணிலும் படவில்லை. எடிட்டர்கான்ஃபிக் (உள்தள்ளல் போன்ற அமைப்புகளை எல்லா எடிட்டருக்கும் பொதுவாகச் சொல்லும் கோப்பு) ஆதரவு நியோவிமுக்குள் வந்தது 0.9-இல், எங்கள் ஆவணத்தில் அது 0.10 என்று ஆகியிருந்தது. 0.9 வைத்திருந்தவர்கள் தங்களிடம் அந்த வசதியே இல்லை என்று நம்பித் தேவையில்லாத பிளகினைப் போட்டுக்கொண்டார்கள். இன்றும் ஒருவர் இப்படி மாற்றி அனுப்பினால் எனக்குக் கோபம் வருகிறது. 'இப்போதைய பதிப்பு' என்று சொல்லும் வரி வேறு, 'இந்தப் பதிப்பில் வந்தது' என்று சொல்லும் வரி வேறு, இரண்டாவதைத் தொடவே கூடாது. கோப்புகளில் தேடும் கட்டளையான கிரெப்பில் பெரிய எஃப் விருப்பத்தோடு தேடினால் புள்ளி புள்ளியாகவே இருக்கும். விம் எடிட்டரில் மாற்றுவதானால் கட்டளையின் கடைசியில் ஜி-யோடு சி-யும் சேருங்கள், ஒவ்வொரு இடத்திலும் கேட்டுத்தான் மாற்றும். அப்புறம் டிஃப்பை, அதாவது என்னென்ன மாறியது என்று காட்டும் பட்டியலை, வரி வரியாகப் படியுங்கள், நூறு வரி இருந்தாலும் சரி.

0.10-ஐ தசம எண்ணாக ஒப்பிடுவது

0.9-ஐ விடச் சிறியதாகிவிடும். புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக ஒப்பிடுங்கள்.

ஒரே பதிப்புக்கு ஒரே வடிவம்தான் என்று நினைப்பது

ஹீலிக்ஸ் என்ற இன்னொரு டெர்மினல் எடிட்டர் ஆண்டையும் மாதத்தையும் வைத்து எண் போடுகிறது, 24.03 என்று. ஆனால் ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோ முன்னால் பூஜ்யத்தை ஏற்காது, அங்கே அது 24.3.0. ஒன்றை மட்டும் தேடினால் மற்றது பழசாகவே கிடக்கும்.

எண் மட்டும்தான் மாறும் என்று நம்புவது

நியோவிம் 0.10.4-இல் லினக்ஸ் கோப்பின் பெயரே மாறியது, 'லினக்ஸ்64' போய் 'லினக்ஸ்-எக்ஸ்86_64' வந்தது. எண்ணை மட்டும் மாற்றிய ஸ்கிரிப்டுகளுக்குக் கோப்பு கிடைக்கவில்லை. முகவரியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.

வெளியிட்ட டேகை (கிட்டில் ஒரு பதிப்பைக் குறிக்கும் அடையாளப் பெயர்) நகர்த்துவது

கூடாது. அடுத்த எண்ணைப் போடுங்கள்.