தங்கச்சிகிட்ட கத்திட்டீங்களா? சோரி சொல்றது இப்படித்தான்

பாயான் லெப்பாஸ்ல 12 மணி நேர ஷிஃப்ட் முடிச்சு ஃபேக்டரி பஸ்ல வர்றேன், 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலம் அன்னைக்கு ஜாம்ல முடியவே மாட்டேங்குது, பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து மீ கோரிங் பொங்குஸ் (பார்சல்) பண்ணலாம்னு மோட்டர்பைக்க எடுத்தா சொட்டு பெட்ரோல் எண்ணெய் இல்ல. கடைசியா ஓட்டினது தங்கச்சி. அம்மா முன்னாடியே வாய்க்கு வந்தபடி கத்திட்டேன்.

ஸ்டெப் 1: உடனே ஓடிப்போய் சோரி சொல்லாதீங்க. நெஞ்சு படபடன்னு அடிக்கறப்ப வாயத் திறந்தா சோரியும் சண்டை மாதிரிதான் வரும். உடம்புல ஏறின அட்ரினலின் இறங்கட்டும், ஒரு 20 நிமிஷமாவது. நான் பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும் மோட்டர தள்ளிக்கிட்டே போனேன் (வேற வழியும் இல்ல லா).

ஸ்டெப் 2: எந்த வார்த்தை குத்துச்சுன்னு தேடுங்க. எல்லாரும் தாண்டிப் போறது இதைத்தான். நான் எண்ணெய்க்குத்தான் கத்தினேன்னு நெனச்சேன், தள்ளிக்கிட்டே யோசிச்சா நடுவுல ‘சம்பாதிச்சாத்தான் அருமை தெரியும்’னு ஒன்னு விட்டிருக்கேன், அவளோ நாலு மாசமா இன்டர்வியூவுக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கா. அப்போ சோரி கேக்க வேண்டியது அந்த வார்த்தைக்கு. பொத்தாம்பொதுவா ‘எல்லாத்துக்கும் சோரி’ன்னா எதுக்குமே இல்லாத மாதிரிதான் படும்.

ஸ்டெப் 3: சொல்லுங்க. ‘நீ வேலைக்கு அலையறது தெரிஞ்சும் குத்திக் காட்டிட்டேன், அது என் தப்பு.’ அதோட நிறுத்துங்க. பின்னாடி ‘ஆனா நீயும்...’ வரக்கூடாது, எண்ணெய் பேச்ச இன்னொரு நாள் வச்சுக்கலாம், வாட்சாப் ஸ்டிக்கர் அறவே வேணாம். யார் முன்னாடி கத்துனீங்களோ அவங்க முன்னாடியே சொல்லணும். நான் அவ ரூம் கதவுகிட்ட போய் முணுமுணுத்தேன், ‘கத்துனது ஹால்ல, சோரி மட்டும் கதவு சந்துலயா?’ன்னு அம்மா கேட்டுட்டாங்க, மறுபடியும் ஹால்ல வச்சு சொன்னேன்.

ஸ்டெப் 4: ‘மன்னிச்சிட்டியா, மன்னிச்சிட்டியா’ன்னு நச்சரிக்காதீங்க. ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டி ரோய் லெவிக்கியும் கூட இருந்தவங்களும் 2016ல வெளியிட்ட ஆய்வுல மன்னிப்போட ஆறு அம்சத்த சோதிச்சுப் பாத்தாங்க, ‘தப்பு என்னோடது’ன்னு ஒத்துக்கறதுதான் ரொம்ப எடுபட்டுச்சு, ‘மன்னிச்சிரு’ன்னு கேக்கறது கடைசி.

என் தங்கச்சி ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் ஷிஃப்ட் நடுவுல மெசேஜ்: ‘அண்ணே, வர்றப்ப பசெம்போர் வாங்கிட்டு வா, சோத்தோங் நிறைய போடச் சொல்லு.’ (பசெம்போர்னா சாஸ் ஊத்தின பினாங்கு சாலட், சோத்தோங்னா கணவாய்.)

வாங்கிட்டுப் போங்க, பழசக் கிளறாதீங்க.