பெண்களின் வாக்கைப் பற்றி எழுதும்போது

ஒரு வேட்பாளரைப் பெண்கள் ஏன் ஆதரித்தார்கள் என்று ஆராய்பவர், முதலில் ‘பெண்கள்’ என்ற மொத்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில், வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பின்படி, பெண்களில் 54 விழுக்காட்டினர் ஹிலாரி கிளிண்டனை ஆதரித்தனர்; ஆனால் கறுப்பினப் பெண்களிடம் அது 94 ஆகவும், வெள்ளையினப் பெண்களிடம் வெறும் 43 ஆகவும் இருந்தது. ஆகவே இனம், கல்வி, கட்சிப் பற்று ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே பாலினத்தைக் காரணமாகச் சொல்லுங்கள்.

ஆணின் தேர்வுக்குக் கொள்கையையும் பெண்ணின் தேர்வுக்கு உணர்ச்சியையும் காரணம் காட்டியிருக்கிறோமா என்று ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள். அதே ஆண்டில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராவதற்கு ஹிலாரியுடன் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸை ஆதரித்த இளம்பெண்கள், அவர் பக்கம் இருக்கும் இளம் ஆண்களுக்காகவே அங்கே செல்கிறார்கள் என்று பொருள்படப் பேசிய பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம், பின்னர் மன்னிப்புக் கோரினார். பெண்ணுரிமைக்காக உழைத்தவரிடமே இந்த முன்முடிவு தலைகாட்டியது என்பதால், வாக்களித்த பெண்களிடமே காரணத்தைக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்யுங்கள்.