தோட்டப்பட்டணத்தில் உணவு உதவி பெறுவது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்பட்டணங்களில், ‘உணவு வங்கி’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்தைத் தேடி அலைவதில் பயனில்லை. கோலாலம்பூரில் கெச்சாரா சூப் கிச்சன் போன்ற அமைப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. இங்கோ உதவி கோயில், சீக்கியர்களின் வழிபாட்டிடமான குருத்துவாரா, மாதாகோயில், சேவை மையம், கிளினிக், பள்ளிக்கூடம் என்று சிதறிக் கிடக்கிறது. ஆகவே, இன்றைய சாப்பாடு வேண்டுமா, இந்த மாத மளிகைச் சாமான் வேண்டுமா, மாதந்தோறும் தொடரும் உதவி வேண்டுமா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவுகள் வேறு.

இன்றைய பசிக்குக் குருத்துவாராவின் லங்கார் எனப்படும் இலவசப் பொதுச் சமையற்கூடம் நம்பத்தக்க இடமாகும். அங்கே மதமோ இனமோ கேட்கப்படுவதில்லை. செருப்பைக் கழற்றி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு, வரிசையில் அமர்ந்தால் சைவ உணவு பரிமாறப்படும். ஆனால் சிறு பட்டணங்களில் அன்றாடம் சமைப்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டை ஒட்டியே பெரும்பாலும் அடுப்பு எரியும் என்பதால், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. கோயில் அன்னதானம் வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, திருவிழா நாள் என்று கோயிலுக்குக் கோயில் மாறுபடும். வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருந்தால், அவருக்கான பங்கைப் பொட்டலமாகத் தரும்படி கோயில் நிர்வாகத்தினரிடம் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாத மளிகைக்கு மூன்று இடங்களை விசாரிக்கலாம். முதலாவது, உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம். அதற்குக் கட்சி உறுப்பினர் அட்டை தேவையில்லை. யாராவது கேட்டால், தொகுதிவாசி என்ற முறையிலேயே வந்திருப்பதாகச் சொல்லுங்கள். இரண்டாவது, கத்தோலிக்க மாதாகோயில்களில் இயங்கும் செயின்ட் வின்சென்ட் டி பால் சங்கம். மூன்றாவது, சூ ச்சி பௌத்த அமைப்பு. பின்னிரண்டும் மதம் பாராமல் உதவுபவை; பொருள் தருவதற்கு முன் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பது அவர்களின் வழக்கம். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்கும்போது குடும்பத்தில் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, நோயாளிகள், அடுப்புக்கு எரிவாயு இருக்கிறதா என்பவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். உதவிப் பொட்டலங்களில் உடனடி மீயும் (நூடுல்ஸ்) சீனியும் தாராளமாக இருப்பது வழக்கமாதலால், வீட்டில் நீரிழிவு நோயாளி இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுவது முக்கியம்.

இவை யாவும் அந்தந்த வேளையைக் கடத்த உதவுபவை. பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறினால்தான் உதவி தொடரும். 2021ஆம் ஆண்டு கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்ட காலம் போல் எப்போதும் அக்கம்பக்கத்தார் தேடி வருவார்கள் என்று இருக்க முடியாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எனப்படும் அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். மலாய் சரளமாக வராதவர்கள் “சாயா பெர்லு பந்துவான் மாக்கானான்” (எனக்கு உணவு உதவி தேவை) என்று தொடங்கி, ஊரின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் சொன்னால் போதும். மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

மாதாந்திர உதவிக்குச் சமூக நல இலாகாவில் ஜேகேஎம் 18 என்ற பாரத்தைப் பூர்த்தி செய்து விண்ணப்பிக்க வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், ஈப்போ பக்கத்தில் இருந்தாலும் கோப்பு கோலகங்சாருக்குத்தான் போகும். குடும்பத்தார் அனைவரின் அடையாளக் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், நோய் இருந்தால் மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். வருமானமற்ற முதியவர்களுக்கான உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 ரிங்கிட் ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இதோடு, வறிய குடும்பங்களின் தேசியப் பதிவேடான இ-காசேயில் சேர மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் வருமானத்தைச் சரிபார்த்த பிறகே பெயர் ஏறும்.

தோட்டத்து மக்களுக்கு இங்கேதான் சிக்கல் எழுகிறது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வாடகைக்கு வந்து ஆண்டுகள் கடந்தும், அடையாளக் கார்டில் பழைய தோட்டத்தின் முகவரியே இருக்கும். வீட்டைப் பார்வையிட அதிகாரி எங்கே வருவார்? முகவரி மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

சாரா எனப்படும் அடிப்படைப் பொருள் உதவி மைகார்டு எனும் அடையாளக் கார்டிலேயே வரவு வைக்கப்படுகிறது. பதிவு பெற்ற கடைகளில் அரிசி, முட்டை, எண்ணெய், மாவு போன்ற குறிப்பிட்ட பொருள்களை வாங்கும்போது, பணம் செலுத்துமிடத்தில் மைகார்டைக் காட்டினால் போதும். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் ஒரு முறை 100 ரிங்கிட் இவ்வாறே வழங்கப்பட்டு, ஆண்டு இறுதிவரை செலவிட அவகாசம் தரப்பட்டது. தகுதி, மீதித்தொகை ஆகியவற்றை மைகாசே இணையத்தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ‘இங்கே பதியுங்கள்’ என்ற இணைப்புகளைத் தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தனி வழிகள் உண்டு. பெற்றோர் பலர் இவற்றைக் கேட்பதே இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் எடை குறைவாக இருந்து குடும்பமும் வறியதாக இருந்தால், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் மூலம் மாதந்தோறும் உணவுக்கூடை கிடைக்கும் திட்டம் உள்ளது. தாதியிடம் நேரடியாகக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளி உள்ளிட்ட தொடக்கப்பள்ளிகளில் ஆர்எம்டி எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்திற்கு வகுப்பாசிரியரிடம் விண்ணப்பிக்கலாம்.

நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் பத்திரம் இல்லாதவர்களுக்கும் சாரா கிடைக்காது. அத்தகைய குடும்பங்கள் கோயில், குருத்துவாரா, தொண்டு அமைப்புகள் ஆகியவற்றையே முதலில் நாட வேண்டும். பிள்ளைகளில் யாருக்கேனும் குடியுரிமை இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் என்ன உதவி கிடைக்கும் என்று சமூக நல இலாகாவில் கேட்டுப் பார்க்கலாம்.

இறுதியாக, எந்த விண்ணப்பத்துக்கும் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடனுக்கு ஈடாக அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொள்ள வட்டிக்காரருக்கோ கடைக்காரருக்கோ உரிமை கிடையாது. கார்டு அவர் கையில் இருந்தால் சாரா பணத்தையும் உங்களால் எடுக்க முடியாது. பாரத்தைக் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராமல் போனால், மறுபடியும் போய்க் கேட்க அந்த நகல்தான் உங்களுக்குச் சான்று.